பல்கலைக்கழக கைரோபிராக்டிக் கிளினிக்: போனவர்களுக்குத் திருப்தியா?

கேள்வி: பல்கலைக்கழகம் நடத்தும் கைரோபிராக்டிக் கிளினிக்கில் மாணவர்கள்தான் சிகிச்சை தருவார்களாமே? போனவர்களுக்குத் திருப்தியாக இருந்ததா?

முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் அழுத்தித் திருப்பிச் செய்யும் சிகிச்சைதான் கைரோபிராக்டிக். இடுப்பு வலிக்காக ஆறு வாரம் அங்கே போய்வந்தவன் நான். திருப்தியா என்றால், ரொம்பவே. வலி போயிற்றா என்றால், கொஞ்சம். இரண்டும் வேறு வேறு கணக்கு.

முதல் நாளே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறுதியாண்டு மாணவி ஒருவர்தான் பார்த்தார். வலி எப்போது ஆரம்பித்தது, இருமினால் காலுக்கு இறங்குகிறதா, சிறுநீர் கட்டுப்பாட்டில் ஏதாவது மாற்றம் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். முதுகு வலிக்கும் சிறுநீருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். தண்டுவடத்தின் அடியில் இருக்கும் நரம்புக்கற்றை நசுங்கினால் அப்படி ஆகுமாம். அப்போது கைரோபிராக்டிக் பக்கமே போகாமல் நேராக மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அப்புறம் என்னைப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், முழங்காலில் சுத்தியலால் தட்டினார்.

எல்லாம் முடிந்த பிறகு மேற்பார்வை மருத்துவர் வந்து பாதியைத் திரும்பவும் செய்தார். என் முதுகில் கைவைத்தவர், "ஒரு எலும்பு தள்ளி எண்ணியிருக்கிறீர்கள்" என்றார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. இடுப்பெலும்பில் கட்டைவிரலை வைத்து, வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபடி முதுகெலும்புகளை மறுபடி எண்ண ஆரம்பித்தார். எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் சோதித்துப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார் என்று நிம்மதிதான் வந்தது.

டப்பென்று நெட்டி முறிந்தபோது, "எலும்பு இடத்தில் உட்கார்ந்ததா?" என்று கேட்டேன். "இல்லை, மூட்டுத் திரவத்தில் குமிழி உண்டாகும் சத்தம்" என்றார் மாணவி. அந்தப் பதில் பிடித்திருந்தது. 1895இல் இந்த முறையைத் தொடங்கிய டி.டி. பாமர், பெரும்பாலான நோய்களுக்கு விலகிய முதுகெலும்புதான் காரணம் என்றார். இன்றும் யாராவது அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி திருப்தி விஷயம். கடைசி நாள் கருத்துப் படிவம் கொடுத்தார்கள். சிகிச்சை தந்தவர் இரண்டடி தள்ளி நிற்கிறார். எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டேன். வேறென்ன போட முடியும்? வலியைப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்ட தாள் தனியாக இருந்தது, அதில் 6 என்பது 4 ஆகியிருந்தது. அவ்வளவுதான். இரண்டு தடவை வந்துவிட்டு நின்றுபோனவர்களுக்கு அந்தப் படிவம் போய்ச் சேர்ந்திருக்கவே வாய்ப்பில்லை.

இது என் ஒருவன் கதை இல்லை. 1998இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் இடுப்பு வலிக்காரர்கள் 321 பேரில் சிலருக்குக் கைரோபிராக்டிக், சிலருக்கு இயன்முறைப் பயிற்சி, மற்றவர்களுக்கு வெறும் ஒரு கையேடு. சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 75 சதவீதம் பேர் மிக நல்ல கவனிப்பு என்றார்கள். கையேடு வாங்கியவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான். குணமானதிலோ பெரிய வித்தியாசம் இல்லை! 2002இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், வழக்கமான மருத்துவத்தைவிடக் கைரோபிராக்டிக் பக்கம் திருப்தி கூடுதலாக இருந்ததற்குப் பெரும்பங்கு காரணம், சிகிச்சையை விளக்கியதும் வீட்டில் என்ன செய்யலாம் என்று சொன்னதும்தான் என்று தெரிந்தது. மாணவர்களிடம் அதற்கு நேரம் இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மேற்பார்வையாளர் கையெழுத்துக்காக அரை மணி நேரம் மேசையில் குப்புறக் கிடந்திருக்கிறேன். பருவம் முடிந்து மாணவி மாறியதும் புதிதாக வந்தவரிடம் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. கழுத்தைத் திருப்ப மட்டும் நான் சம்மதிக்கவில்லை. அப்படித் திருப்பியதில் அரிதாகக் கழுத்து ரத்தக்குழாய் கிழிந்ததாகப் பதிவுகள் உண்டு. வேண்டாம் என்றதும் மறுபேச்சு இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

சரி, போகலாமா என்றால், நேரம் இருந்தால் போங்கள். ஆனால் அங்கே "எல்லோரும் திருப்தியாகப் போகிறார்களா?" என்று கேட்காதீர்கள். "எத்தனை வாரத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் நிறுத்துவீர்கள்?" என்று கேளுங்கள்.

முதலில் பார்த்த மாணவி சொல்லிக்கொடுத்த மூன்று பயிற்சிகளில் இரண்டை இன்னும் தினமும் செய்கிறேன். மூன்றாவது மறந்துவிட்டது.