ஸ்ட்ராஸ்பூரில் வெள்ளை அஸ்பாரகஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏப்ரல் கடைசியில் சில நாட்கள் ஸ்ட்ராஸ்பூரில் இருப்போம். கணவருக்கு அங்கே அலுவலக வேலை, எனக்கு ஊர் சுற்றுவது மட்டும்தான். அடுப்படியோடு வீடு எடுத்திருக்கிறோம். தேவாலயம், அருங்காட்சியகம் எல்லாம் பட்டியல் போட்டாயிற்று. அந்த ஊர்க்காரர்கள் வசந்தத்தில் என்ன சாப்பிடுவார்கள், எங்கே பொழுதைக் கழிப்பார்கள் என்று சொல்லுங்கள். முட்டை சாப்பிடுவோம், மீனும் இறைச்சியும் கிடையாது. இன்னொன்று: போன வருடம் பாரிஸில் வெள்ளை அஸ்பாரகஸ் வாங்கிச் சமைத்தேன். கரும்புச் சக்கை மாதிரி நார்நாராக இருந்தது, கசப்பு வேறு. எங்கே தப்பு?

மீரா

அன்புள்ள மீரா,

சரியான சமயத்தில்தான் போகிறீர்கள். ஸ்ட்ராஸ்பூர் இருக்கும் அல்சாஸ் வட்டாரத்தில், மண்ணிலிருந்து முளைக்கும் இளங்குருத்தான வெள்ளை அஸ்பாரகஸ் ஏப்ரலில் சந்தைக்கு வரும். ஜூன் 24, யோவான் திருநாள் வாக்கில் அறுவடையை நிறுத்திவிடுவார்கள். அதற்கு மேலும் குருத்தை வெட்டிக்கொண்டே இருந்தால் வேர் அடுத்த வருடத்துக்குத் தெம்பு சேர்க்க முடியாது. ஸ்ட்ராஸ்பூருக்கு வடக்கே இருக்கும் ஹோர்ட் கிராமம் இதற்குப் பேர்போனது. 1873ல் அந்த ஊர்ப் பாதிரியார் ஹெய்லர் தொடங்கிவைத்த பயிர் அது.

மண்ணை மேடாக அணைத்து, குருத்து வெளிச்சம் பார்க்கும் முன்பே மண்ணுக்குள் கத்தி விட்டு அறுப்பதால்தான் அது வெள்ளையாக இருக்கிறது. வெளிச்சம் பட்டால் நுனி ஊதாவாகி, பிறகு பச்சையாகும். உங்கள் சமையலில் நடந்தது இரண்டில் ஒன்று, அல்லது இரண்டுமே. அறுத்த நேரத்திலிருந்து தண்டு அடியிலிருந்து மேல்நோக்கி முற்றிக்கொண்டே வரும். நாள்பட்டதை என்ன செய்தாலும் நார் போகாது. அடுத்தது தோல். பச்சை அஸ்பாரகஸுக்கு அடிப்பக்கம் மட்டும் சீவினால் போதும். வெள்ளைக்கு முழுத் தண்டையும் சீவ வேண்டும், அதுவும் தாராளமாக.

ஸ்ட்ராஸ்பூரில் புல்வார் த லா மார்ன் சந்தை செவ்வாய், சனி காலைகளில் கூடும். அங்கே வாங்குங்கள். கட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெட்டுவாயில் நகத்தால் அழுத்தினால் ஈரம் கசிய வேண்டும். இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும். வராவிட்டால் வாடிவிட்டது என்று அர்த்தம். நுனி இறுக மூடியிருக்க வேண்டும். அதையே முக்கிய உணவாகச் சாப்பிட ஆளுக்கு அரைக் கிலோ வாங்குங்கள், தோலும் அடியுமாக நிறையக் கழிந்துவிடும். அன்றைக்கே சமைக்கவில்லை என்றால் ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள், இரண்டு நாள் தாங்கும்.

சீவும்போது தண்டைக் கையில் தூக்கிப் பிடித்தால் ஒடிந்துவிடும். பலகையில் கிடத்தி, நுனிக்கு மூன்று விரற்கடை கீழே தொடங்கி, உருட்டிக்கொண்டே அடிவரை சீவுங்கள். கீழ்ப்பாதிக்கு இன்னொரு சுற்று. பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: எங்கே பளபளக்கிறதோ அங்கே தோல் மிச்சம் இருக்கிறது. அடியில் 2 சென்டிமீட்டர் வெட்டி எறியுங்கள். கத்தி இழுத்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்டுங்கள்.

அகலப் பாத்திரத்தில் லிட்டருக்கு 10 கிராம் உப்பு, ஒரு சிறுகரண்டி சர்க்கரை, கொஞ்சம் வெண்ணெய். கசப்பைத் தணிப்பதற்குத்தான் சர்க்கரை. தண்ணீர் கொதித்ததும் தண்டுகளைப் படுக்கவைத்துத் தீயைக் குறையுங்கள். கட்டைவிரல் பருமன் என்றால் 15 முதல் 20 நிமிடம். கத்தி முனை அடித்தண்டில் தடங்கலில்லாமல் இறங்க வேண்டும். பச்சையைப் போல நறுக்கென்று இருக்கட்டும் என்று சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். எடுத்ததும் பருத்தித் துணியில் பரப்புங்கள், தண்ணீர் வடியாவிட்டால் சாஸ் நீர்த்துப்போகும்.

ஊர் வழக்கப்படி மூன்று சாஸ்: மயோனேஸ், எண்ணெயும் வினிகரும் கலந்த வினெக்ரெத், வெண்ணெயும் முட்டை மஞ்சளும் அடித்த க்ரீமும் சேர்ந்த முஸ்லின். வாடகை வீட்டு அடுப்பில் முஸ்லினோடு போராட வேண்டாம். அவித்த முட்டையைப் பொடியாக நறுக்கி, பூண்டுத்தாள் போன்ற சிபுலெத் கீரையும் சேர்த்த வினெக்ரெத்தே இதற்கு உத்தமம் என்பது என் கட்சி. உணவகத்தில் கூடவே பன்றி ஹாம் வரும். “சான் ஜாம்போன்” (ஹாம் இல்லாமல்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெல்லிய ரொட்டிமேல் க்ரீமும் வெங்காயமும் பரப்பிச் சுடும் தார்த் ஃப்ளாம்பேக்கு “சான் லார்தோன்”, அதாவது பன்றித் துண்டு இல்லாமல். காளான் போட்டதிலும் பெரும்பாலும் பன்றித் துண்டு இருக்கும், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒயின் குடிப்பவர்கள் இதோடு அல்சாஸ் மஸ்கட் கேட்பார்கள். தெற்கு பிரான்ஸ் மஸ்கட் போலத் தித்திக்காது.

சைவத்துக்கு இன்னும் வசதியானது பிபலஸ்கேஸ். தண்ணீர் வடிந்த வெண்பாலாடைக்கட்டியில் பூண்டும் கீரையும் கலந்து, வறுத்த உருளைக்கிழங்கோடு தருவார்கள். வசந்தத்தில் இதில் காட்டுப்பூண்டு இலை, அதாவது ஐய் தெஸூர்ஸ், சேர்த்தால் தனி ருசி. பச்சையாகவே நறுக்கிப் போடுங்கள், சூடு பட்டால் மணம் போய்விடும்.

ரைன் கரையோர ரோபெர்ஸோ காட்டில் இது பாய் விரித்ததுபோல் கிடக்கும். ஆனால் பழக்கமில்லாமல் பறிக்கப் போகாதீர்கள். மியூகே (லில்லி ஆஃப் த வேலி), கோல்ஷிக் என்ற இரண்டு பூச்செடிகளின் இலையும் கிட்டத்தட்ட இதே சாயல், இரண்டும் விஷம். கோல்ஷிக் உயிரையே வாங்கும். காட்டுப்பூண்டின் இலை ஒவ்வொன்றும் தனிக் காம்போடு மண்ணிலிருந்து எழும். மியூகேயில் ஒரே தண்டில் இரண்டு இலை. கோல்ஷிக்குக்குக் காம்பே இல்லை. முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள், நம்பாதீர்கள். முதல் இலையைக் கசக்கியதுமே விரலில் பூண்டு வாசம் ஏறிவிடும், அப்புறம் எல்லாமே பூண்டுதான். சந்தையில் கட்டாக வாங்கிவிடுங்கள்.

இனிப்பு வேண்டுமென்றால் ரூபார்ப் தார்த்: புளிப்பான ரூபார்ப் தண்டை மாவுத்தட்டில் வைத்துச் சுட்டு, மேலே முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்த மெரிங் போட்டது. பேக்கரியில் காலையிலேயே வாங்குங்கள், மாலைக்குள் அடிமாவு நைந்துவிடும்.

சாயங்காலத்துக்கு ஓராஞ்ஜரி பூங்கா. 1970களில் அல்சாஸில் அழிவின் விளிம்புக்குப் போன வெண்நாரைகள் இப்போது அங்கே மரத்துக்கு மரம் கூடு கட்டியிருக்கின்றன. அவற்றுக்குக் குரல் கிடையாது என்றே சொல்லலாம், அலகைத் தட்டித்தான் பேசிக்கொள்ளும். கூட்டுக்கு நேர் கீழே உள்ள பெஞ்சு காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது காலியாக இருப்பதற்குக் காரணம் உண்டு.

மே 1 வரை தங்கினால், அன்று அநேகமாகக் கடைகள் திறக்காது. தெருவெங்கும் மியூகே பூ மட்டும் விற்பார்கள். ஒரு கொத்து வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது நின்ற தண்ணீர்கூட விஷம். சாப்பாட்டு மேசையில் வைக்காமல் ஜன்னலோரம் வையுங்கள். காய்கறி, ரொட்டி எல்லாம் முந்தின நாளே வாங்கிவிடுங்கள்.