உண்ணிக் காய்ச்சல்: யாரிடம் சொல்வது, எதைச் சொல்வது?

கேள்வி: மூலனூர்ப் பக்கம் கொறங்காடு எனும் வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் என் மாமியாருக்கு ஒன்பது நாள் விடாத காய்ச்சல். டைபாய்டு என்று ஊசி போட்டும் இறங்கவில்லை. வேறொரு மருத்துவர், சேலைக் கட்டுக்கு அடியில் இருந்த கரும் பொருக்கைப் பார்த்து, உண்ணிக் காய்ச்சல் என்று டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார். இரண்டே நாளில் தணிந்தது. மாட்டு உண்ணிகளைப் பொறுக்கி எரித்துவிட்டோம். இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, தாராபுரம் வட்டம்

பதில்: கட்டாயம் தெரிவியுங்கள். ஆனால் நீங்கள் எரித்த மாட்டு உண்ணிகள் பெரும்பாலும் குற்றவாளிகள் அல்ல. சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாமல் கருகியிருக்கும் அந்தப் பொருக்கு, ஸ்க்ரப் டைபஸ் நோயின் முக்கிய அடையாளம். அதைப் பரப்புவது உண்ணி அன்று, எலிகளை அண்டிப் புதர்களிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகைச் சிற்றுயிரியின் இளம்புழு. கிளுவை வேலியோரம் நிழலுக்காகப் புல்லில் உட்கார்ந்தாலே அது உடையின் இறுக்கமான இடத்துக்கு ஏறிக் கடித்துவிடும். நாளிதழ்கள் இதற்கும், உண்மையிலேயே உண்ணியால் வரும் டைபஸுக்கும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்ற ஒரே பெயரை வைத்துவிட்டன. இரண்டுக்கும் அதே மாத்திரைதான் என்பதால் நோயாளிக்கு இதில் நட்டமில்லை; நோயைத் தேடிப் போகிறவருக்கோ, ஒன்று எலி வளைக்கும் மற்றொன்று நாயின் காது மடலுக்கும் வழிகாட்டுகிறது.

உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொன்னால் போதும். 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில், களப்பணியாளர் அறிகுறியையும், மருத்துவர் தம் ஐயத்தையும், ஆய்வகம் உறுதியான முடிவையும் தனித்தனியாகப் பதிகிறார்கள். 2021 முதல் இவை இணையத் தளத்தில் ஏறுகின்றன. இரத்தப் பரிசோதனையின்றி மாத்திரையிலேயே குணமானவர் ஆய்வகக் கணக்கில் வருவதேயில்லை. குணமான பின்னும் சில வாரங்களுக்கு நோயை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கும் என்பதால், அதைக் கண்டறியும் எலைசா பரிசோதனை இப்போதும் செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் அவர் எந்தக் காட்டில் மேய்த்தார் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். நம் பக்கத்தில் காய்ச்சல் முற்றினால் கோவைக்குத்தான் போகிறோம். மருத்துவமனை முகவரியை மட்டும் வைத்துக் கணக்கெடுத்தால், கொறங்காட்டில் கடித்தது கோவை நகரத்து நோயாகிவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் அடுத்தடுத்து இரண்டு குரங்குகள் செத்துக் கிடந்தன. புதைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், தாளவாடி

பதில்: தொடாதீர்கள். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டில் முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், உங்களுக்கு அடுத்துள்ள சாம்ராஜ்நகர் மாவட்டத்தின் பந்திப்பூர்ப் பகுதியில் 2012இல் தென்பட்டது. இதைப் பரப்புவது அசல் உண்ணியேதான். குரங்கு செத்ததும் அதன் உடலிலிருந்த உண்ணிகள் சுற்றிலும் உதிர்வதால், சடலம் கிடந்த இடத்தில் விறகு பொறுக்குவதும் மாடு ஓட்டுவதும் ஆபத்து. எல்லாக் குரங்குச் சாவும் இந்நோயால் அன்று. அதைச் சொல்ல வேண்டியது ஆய்வகம், நாமல்ல. பார்த்த தேதியையும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: உடம்பில் ஒட்டிய உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவலாமா?
– ஒரு வாசகர், அந்தியூர்

பதில்: வேண்டாம்; ஊதுபத்தியால் சுடவும் வேண்டாம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மாட்டில் பிடுங்கியதை விரல் நகத்தில் வைத்து நசுக்குகிற நம் ஊர்ப் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.