வெளிநாட்டுப் பயணத்தில் இ-சிம்: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விடுமுறைக் காலம் நெருங்குவதால், பயண இ-சிம் (தனியாக அட்டை போடாமல், போனுக்குள்ளேயே இருக்கும் சில்லில் இணையம் வழியாக இறக்கிக்கொள்ளும் சிம்) குறித்துக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். செல்பேசித் தொழில்நுட்பத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன் என்ற முறையில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

அழகாபுரம் வாசகர்: ஐயா, புது போன் எல்லாவற்றிலும் இ-சிம் வசதி உண்டு என்று கடைக்காரர் சொல்கிறார். உண்மையா?

இல்லை. விலை குறைந்த புது மாடல்கள் பலவற்றில் இன்னும் அந்த வசதி கிடையாது. *#06# என்று டயல் செய்து பாருங்கள். போனின் அடையாள எண்களான ஐஎம்இஐ எண்களோடு, இஐடி என்ற பெயரில் 32 இலக்க எண் ஒன்றும் தெரிந்தால் உங்கள் போனில் இ-சிம் சில்லு இருக்கிறது என்று பொருள். ஐபோன்களில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு என்றாலும், சீனாவில் விற்பனைக்கு வந்த மாடல்கள் பெரும்பாலும் இரண்டு சாதாரண சிம் போடும் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த போன் என்றால், அது அங்குள்ள நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பூட்டிய போனில் வேறு நிறுவனத்தின் இ-சிம் வேலை செய்யாது.

செவ்வாய்ப்பேட்டை, வெள்ளிக் கொலுசு வியாபாரி: திருச்சியிலிருந்து சிங்கப்பூர் போகிறேன். ஆர்டர்கள் அனைத்தும் இந்திய எண்ணின் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. வங்கி ஓடிபியும் அதே எண்ணுக்குத்தான். இ-சிம் போட்டால் அந்த எண் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. பயண இ-சிம்களில் பெரும்பாலானவை இணையத்துக்கு மட்டுமே உரியவை. பேசுவதற்கான எண்ணே அவற்றில் இருக்காது. வாட்ஸ்அப் பதிவான எண்ணைத்தான் பார்க்குமே தவிர, இணையம் எந்தச் சிம் வழியாக வருகிறது என்று பார்க்காது. போன சிறிது நேரத்தில் எண்ணை மாற்றட்டுமா என்று அது கேட்டால், பழைய எண்ணையே வைத்திருப்பதாகச் சொல்லிவிடுங்கள்.

ஓடிபி விஷயத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கட்டணத்துக்குப் பயந்து இந்தியச் சிம்மை அடியோடு அணைத்துவிட்டு, பிறகு விடுதி அறையில் உட்கார்ந்துகொண்டு பணம் அனுப்ப முடியாமல் தவிக்கிறார்கள். இந்தியச் சிம் இயக்கத்திலேயே இருக்கட்டும். அதன் டேட்டா ரோமிங்கை, அதாவது வேறு நிறுவனத்தின் இணைப்பில் இணையம் பயன்படுத்தும் வசதியை, மட்டும் அணைத்துவிடுங்கள். இ-சிம்மில் டேட்டா ரோமிங்கை இயக்கிவிடுங்கள், ஏனென்றால் அது அந்த நாட்டு நிறுவனத்தின் இணைப்பில் விருந்தாளியாகத்தான் வேலை செய்கிறது. ஐபோனாக இருந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செல்லுலார் டேட்டா பக்கத்தில், இணைப்பு பலவீனமானால் மற்றச் சிம்முக்கு மாறிக்கொள்ள அனுமதிக்கும் ஒரு பொத்தான் இருக்கிறது. அது பச்சையாக இருந்தால் நீங்கள் அறியாமலே இந்தியச் சிம்மில் டேட்டா ஓடக்கூடும். எனவே அதை அணைத்தே வையுங்கள்.

ரோமிங்கில் வரும் குறுஞ்செய்திக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் சர்வதேச ரோமிங் சேவை உங்கள் எண்ணில் இயங்குகிறதா, ரீசார்ஜ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதைக் கிளம்புமுன் உங்கள் நிறுவனத்திடம் உறுதி செய்துகொள்ளுங்கள். வரும் அழைப்பை எடுத்துப் பேசினால் நிமிடக் கணக்கில் கட்டணம் விழும். ஊரிலிருந்து அழைப்பவர்களை வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிவிடுவது நல்லது. பயண நேரத்தில் வங்கிச் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டாம், ஏனென்றால் மறுபதிவுக்கு இந்திய எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வெளியே போக வேண்டியிருக்கும்.

நீங்கள் ஒருவர் மட்டும், அதுவும் மூன்று நான்கு நாள் பயணம் என்றால், இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கையும் விலை ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரங்களில் அதுவே குறைந்த தொல்லை.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: மகளைப் பார்க்க ஜெர்மனி போய், அப்படியே பிரான்ஸ், சுவிட்சர்லாந்து என்று மூன்று வாரம் சுற்ற இருக்கிறோம். தோட்டத்து வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். எங்கே, எப்போது நிறுவுவது?

இ-சிம்மைப் போனில் இறக்குவதற்கு இணையம் அவசியம். பாதியில் அறுந்தால் நிறுவல் கெட்டுப்போகக்கூடும். ஆகவே கீழே சேலத்தில் உறவினர் வீட்டு வைஃபையில், கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு முடித்துவிடுங்கள். கியூஆர் குறியீடு அதே போனுக்கு வந்திருந்தால், இன்னொரு போனிலோ மடிக்கணினியிலோ திறந்து வைத்துக்கொண்டு கேமராவைக் காட்டுங்கள். இந்தக் குறியீடு பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும் என்பதால், நிறுவிய இ-சிம்மை எக்காரணம் கொண்டும் நீக்கிவிடாதீர்கள்.

காலக்கெடு எப்போது தொடங்கும் என்பது திட்டத்துக்குத் திட்டம் மாறுபடும்: சிலவற்றில் நிறுவிய நிமிடத்திலிருந்து, சிலவற்றில் வெளிநாட்டுச் சிக்னல் முதன்முதலில் கிடைத்ததிலிருந்து. வாங்குமுன் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால், 'ஐரோப்பா' என்று விற்கப்படும் திட்டத்தின் நாடுகள் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அஸ்தம்பட்டி ஆசிரியை: எத்தனை ஜிபி வாங்குவது?

வரைபடம், வாட்ஸ்அப் செய்தி, வண்டி பிடிப்பது ஆகியவை அதிகம் தின்னாது. காணொளிதான் பெருந்தீனிக்காரன்: நெட்ஃபிளிக்ஸில் சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபி வரையும், உயர் தரத்தில் 3 ஜிபி வரையும் போகலாம். படங்களை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொண்டு, புகைப்படம் தானாக இணையச் சேமிப்பகத்துக்கு (கிளவுட்) ஏறுவதை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றிவிட்டால், ஒரு வாரத்துக்கு 3 முதல் 5 ஜிபி தாராளம் என்பது என் கருத்து.

சூரமங்கலம் வாசகர்: நண்பர் சொன்ன, பயண இ-சிம் விற்கும் ஏராலோ செயலி இங்கே கிடைக்கவில்லையே, ஏன்?

வெளிநாட்டுச் சிம்களை இந்தியாவில் விற்கத் தொலைத்தொடர்புத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது இல்லாமல் விற்றதாகக் கூறி, 2024 ஜனவரியில் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டையும் முடக்க அரசு உத்தரவிட்டது. இணைய மோசடிக்காரர்கள் வெளிநாட்டு எண்களைப் பயன்படுத்தியதே இதற்குப் பின்னணி. அனுமதி பெற்ற இந்திய விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாஸ்போர்ட் நகல் கேட்டால் சந்தேகப்பட வேண்டியதில்லை. கேட்காமல் மலிவாகத் தருபவரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ஓமலூர் அம்மா ஒருவர்: துபாயில் வாட்ஸ்அப்பில் பேச முடியாது என்கிறார்களே?

உள்ளூர்ச் சிம்மில் எழுத்துச் செய்தி போகும். குரல், காணொளி அழைப்புகளுக்குப் பொதுவாகத் தடை உண்டு, அம்மா. பயண இ-சிம்மின் இணையம் வேறொரு நாட்டின் வழியாகச் சுற்றிப் போவதால் பல நேரங்களில் அழைப்பும் கிடைத்துவிடுகிறது. அதையே நம்பியிருக்காமல், அங்கு அனுமதிக்கப்பட்ட அழைப்புச் செயலி ஒன்றை மகனிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆத்தூர் வாசகர்: உல்லாசக் கப்பலில் நடுக்கடலில் வேலை செய்யுமா?

பயண இ-சிம்களில் பெரும்பாலானவை செய்யாது. கப்பலில் ஏறியதும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். இந்தியச் சிம் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எகிறிவிடும்.

ஐந்து ரோடு, கல்லூரி மாணவர்: இறங்கியதும் இணையம் வரவில்லை என்றால்?

முதலில் டேட்டாவுக்கு இ-சிம்தான் தேர்வாகியிருக்கிறதா, அதில் ரோமிங் இயங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, போனை அணைத்து இயக்குங்கள். அப்போதும் வரவில்லையென்றால் அமைப்புகளில் நெட்வொர்க்கின் தானியங்கித் தேர்வை நிறுத்திவிட்டு, திட்டத்தில் குறிப்பிட்டுள்ள நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். பிறகு ஏபிஎன் (போன் இணையத்தோடு இணையப் பயன்படுத்தும் அமைப்பு) பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். இந்த விவரங்கள் வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் இருக்கும் என்றாலும், இணையம் இல்லாத நேரத்தில் அந்த மின்னஞ்சல் திறக்காமல் போகலாம் என்பதால், ஊரிலேயே அதை ஸ்கிரீன்ஷாட்டாகப் பிடித்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.