கோவ்பே, கியூஆர் எல்லாம் மலையகத் தோட்டத்து மக்களுக்கும் வந்து சேருமா?

இலங்கையில் அரசுக் கட்டணங்களை இணையவழி செலுத்தும் கோவ்பே 2025 பெப்ரவரியில் வந்தாயிற்று. ஆனால் அதற்கு முதலில் வங்கிக் கணக்கும் செயலியும் வேண்டுமே! தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடான லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான். முகவரியை உறுதிப்படுத்த கிராம உத்தியோகத்தரிடம் அலைந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். அடையாள அட்டையில் 'லெட்சுமி', பிறப்புச் சான்றிதழில் 'லட்சுமி' என்றிருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். அடுத்து ஓடிபி, அதாவது கைபேசிக்கு வரும் ஒருமுறை இலக்கம்: சிம் கொழும்பிலிருக்கும் மகன் பெயரில், சிக்னல் பிடிக்கும் மேட்டுக்கு ஏறுவதற்குள் இலக்கம் காலாவதி. 2023இல் தொடங்கிய அரசின் நலன்புரி உதவியான அஸ்வெசும கொடுப்பனவும் வங்கிக்குத்தான் வருகிறது என்பதால், இதைச் சின்னத் தொல்லை என்று தள்ளிவிட முடியாது.

முதலில் பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழைத் திருத்துங்கள், பிறகே அடையாள அட்டை. சிம்மையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இதையெல்லாம் தோட்டத்துக்கே வந்து செய்து கொடுக்காதவரை, 'எல்லோருக்கும் டிஜிட்டல்' என்ற பேச்சை நான் நம்பத் தயாரில்லை.