கன்று வாங்க வருபவர் என்ன கேட்பார்?

அன்புள்ள ஐயா,

சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். போன வருடம் மகன் இணையதளம் ஒன்று செய்துகொடுத்தான். எழுத்து முழுக்க நான் யோசித்து எழுதியது. ஆனால் அதைப் பார்த்துவிட்டுப் போன் செய்கிறவர்கள்கூட என்ன ரகம், என்ன விலை என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். யாருமே படிப்பதில்லையா? இன்னும் நிறைய எழுத வேண்டுமா?

ஒரு வாசகர், சந்தூர்

அன்புள்ள நண்பருக்கு,

நேற்று தருமபுரி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து உங்கள் தளத்தைப் போனில் பார்த்தேன். கன்று தேடுகிறவர் வரப்பில் நின்றுகொண்டு போனில்தான் பார்ப்பார், அதனால். முதலில் பெரிய மாம்பழப் படம். கீழே "பாரம்பரியமும் தரமும் ஒருங்கே அமைந்த எங்கள் நர்சரிக்குத் தங்களை அன்புடன் வரவேற்கிறோம்". அப்புறம் உங்கள் தாத்தா காலத்துக் கதை. நான்கு முறை விரலால் தள்ளிய பிறகுதான் 'செந்தூரா' என்ற மா ரகத்தின் பெயர் கண்ணில் பட்டது.

நிறைய எழுத வேண்டாம். இருப்பதில் பாதியை எடுத்துவிடுங்கள்.

படிப்பதில்லையா என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறீர்கள். இணையத்தில் மனிதர்கள் மேய்ந்துகொண்டுதான் போகிறார்கள். இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், புதிய பக்கம் ஒன்றைப் பார்த்தவர்களில் 79 சதவீதம் பேர் கண்ணை ஓட்டினார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம்தான். அதே ஆய்வில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சுற்றுலாவைப் பற்றிய ஒரே விஷயத்தைப் பலவிதமாக எழுதிச் சோதித்தார்கள். சொற்களைப் பாதியாகக் குறைத்தபோது, படிப்பவர் அதை எளிதாகப் பயன்படுத்தும் தன்மை 58 சதவீதம் கூடியது. நீளத்தைக் குறைக்காமல் பெருமைப் பேச்சை மட்டும் எடுத்தபோதே 27 சதவீதம் கூடியது. "தரமான", "சிறந்த" என்று வரும் இடத்திலெல்லாம் படிப்பவர் மனம் நின்று, இது உண்மையா என்று யோசிக்கிறது. அந்த நேரத்தில் அவர் விலையைப் பார்த்திருப்பார்.

உங்களுக்கு எழுதத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. நர்சரி வாசலில் ஒருவர் வண்டியை நிறுத்தினால் தாத்தா கதையையா சொல்வீர்கள்? "எத்தனை ஏக்கருங்க? தண்ணி வசதி இருக்கா? கூழ் பேக்டரிக்கா, பழமா விக்கவா?" என்று கேட்பீர்கள். கூழுக்கு என்றால் பெங்களூரா ரகத்தைக் காட்டுவீர்கள். அந்தப் பேச்சைத்தான் எழுத வேண்டும். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, கேட்கிறவர் சொன்ன சொல்லிலேயே ஒரு வாரம் கேள்விகளைக் குறித்துவையுங்கள். அதிகம் வந்த கேள்வியின் பதில் முதல் வரி. உதாரணமாக:

"பெங்களூரா (தோத்தாபுரி), செந்தூரா, மல்கோவா, நீலம் ஒட்டுக்கன்றுகள் கிடைக்கும். 10 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 40 கன்று, 5 மீட்டர் விட்டால் சுமார் 160. இன்றைய விலை கீழே."

மூன்றே வரி. படிப்பவர் தன் நிலத்துக்கு எத்தனை கன்று வேண்டும் என்று அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். தோத்தாபுரி என்று சேர்த்ததற்குக் காரணம் உண்டு. நாம் பெங்களூரா என்கிற ரகத்தைக் குப்பம், சித்தூர் பக்கம் தோத்தாபுரி என்றுதான் தேடுவார்கள். ஒரு தடவை எழுதினால் போதும். கூகுளில் மேலே வரவேண்டும் என்று ஒரே சொல்லை வரிக்கு வரி திணிக்கச் சொல்லுவார்கள், கேட்காதீர்கள். படிக்கிறவருக்கு அது காதில் ஈ மொய்ப்பது மாதிரி.

விலைப் பட்டியலைப் படமெடுத்துப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். போனில் அந்த எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. பார்வையற்ற ஒருவர் வந்தால் அவருடைய திரை வாசிப்பான் (திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படித்துக்காட்டும் மென்பொருள்) 'படம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்; ஒரு விலைகூட அவர் காதில் விழாது. ஒரு ரகத்தின் விலை மாறினாலும் மகன்தான் வந்து புதுப்படம் போட வேண்டும். எழுத்தாக இருந்தால் நீங்களே மாற்றிவிடலாம். விலைப் பட்டியலுக்குப் போகிற இணைப்பில் 'இங்கே கிளிக் செய்யவும்' என்று இருக்கிறது. 'இன்றைய கன்று விலை' என்று மாற்றுங்கள். கண்ணை ஓட்டுகிறவருக்கு அதுவே வழி காட்டும்.

தாத்தா கதையை அழித்துவிடாதீர்கள். அவர் கையால் ஒட்டுக் கட்டிய தாய்மரம் இன்னும் காய்க்கிறது என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தளத்திலேயே நல்ல வரி அதுதான். அதற்குத் தனிப் பக்கம் கொடுத்து, மரத்தின் படத்தையும் போடுங்கள். கன்று எந்த மரத்திலிருந்து வந்தது என்று பார்க்க நினைக்கிறவர் அங்கே வருவார், நின்று படிப்பார்.

ஆடியில் நடவுக்கு ஆள் வரத் தொடங்கிவிடும். அதற்குள் விலைப் பட்டியலையாவது எழுத்தாக மாற்றி, எந்தத் தேதி விலை என்றும் போட்டுவிடுங்கள். மாற்றியதும் எழுதுங்கள், போனிலேயே மறுபடி பார்க்கிறேன்.