முதலில் கிழவரைத் தேடுங்கள்

காட்சித் தொடர்பியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "பழைய அமெரிக்க ஆண்கள் பத்திரிகை கார்ட்டூன்களைப் பற்றி செமினார் கட்டுரை எழுதுகிறேன். 'பெண்ணைப் போகப்பொருளாகக் காட்டுகின்றன' என்ற ஒரே வரியில் முடிந்துபோகிறது. மேற்கொண்டு எப்படிப் பார்ப்பது?"

அந்த வரி சரிதான். ஆனால் அதை எழுதப் படத்தைப் பார்க்கவே தேவையில்லை, அதனால்தான் கட்டுரை நகரவில்லை. கொஞ்ச நேரம் பெண்ணை விட்டுவிட்டு ஆணைத் தேடுங்கள்.

1933-ல் தொடங்கிய எஸ்குயர் பத்திரிகையில் ஜார்ஜ் பெட்டி வரைந்த ஆரம்பப் படங்களில், நீளக்கால் அழகிக்குப் பக்கத்தில் வழுக்கைத் தலையும் தொங்குமீசையுமாக ஒரு பணக்காரக் கிழவர் இருப்பார். அப்புறம் கிழவரைக் காணோம், அவள் கையில் டெலிபோன் ரிசீவர் வந்துவிட்டது. மறுமுனையில் யார்? பத்திரிகையை விரித்து வைத்திருக்கிறாரே, அவர்தான். வாசகரை எவ்வளவு நைசாக உள்ளே இழுத்துவிட்டார் ஓவியர், பாருங்கள்!

அடுத்து வசனம். பல ஜோக்குகளில் பேசுவது அவள்தான், ஆனால் தான் சொல்வதில் இருக்கும் இரட்டை அர்த்தம் அவளுக்கு மட்டும் தெரியாது. என்னைக் கேட்டால் உடம்பைவிட இந்த அப்பாவித்தனம்தான் அசல் பகற்கனவு: அவள் மறுக்க மாட்டாள், கணக்குக் கேட்க மாட்டாள். ஆணோ தொந்தியும் வியர்வையுமாக அசடு வழிவான். வாசகர் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அவன் நாற்காலிக்கு ஆசைப்படுவார்.

இந்தக் கணக்குக்குள் அடங்காதவர்களையும் விட்டுவிடாதீர்கள். எஸ்குயரில் சுல்தான்-அந்தப்புர ஜோக்குகளை வரைந்து தள்ளிய சிம்ஸ் காம்ப்பெல் ஒரு கறுப்பினத்தவர். நிறவெறிச் சட்டங்கள் நடப்பில் இருந்த நாட்டில் வெள்ளையர்களின் கனவை அவர் வரைந்துகொடுத்தார், படத்தை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிய வழியே இல்லை. அதே பத்திரிகைக்கு பார்பரா ஷெர்மண்ட் என்ற பெண்ணும் வரைந்தார், அவருடைய பெண்கள் தெரிந்தேதான் பேசுவார்கள். பிளேபாயில் பக் பிரவுன் வரைந்த பாட்டி இன்னொரு ரகம், ஆண்களைத் துரத்துவாள். கிழவர் துரத்தினால் வழக்கமான ஜோக், கிழவி துரத்தினால் அதுவே கூத்து.

ஒரே வருடத்து இதழ்களிலிருந்து இருபது கார்ட்டூன் எடுத்துக்கொள்ளுங்கள். வசனம் யாருடையது, ஜோக் அவளுக்குப் புரிகிறதா, ஆண் படத்துக்குள் இருக்கிறானா என்று மூன்றே கட்டம் போட்டு நிரப்புங்கள். தொகுப்பு நூல் வேண்டாம், மூல இதழின் பக்கமே வேண்டும். பக்கத்தில் விஸ்கி விளம்பரம் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.