பூட்டிய பள்ளியில் சமுதாயக் கல்லூரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

தருமபுரி மாவட்டத்தில் எங்கள் அறக்கட்டளையிடம் பூட்டிக்கிடக்கும் பள்ளிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பத்தாவது, பன்னிரண்டாவதோடு நின்ற பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். அவர்களுக்காக அந்தக் கட்டடத்தில், உள்ளூரில் வேலை கிடைக்கும் தொழிலைக் கற்றுத்தரும் ஒரு சமுதாயக் கல்லூரி தொடங்க நினைக்கிறோம். கணினி டிப்ளமோவும் தையலும் போதும் என்கிறார்கள் நண்பர்கள். எதிலிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

சான்றிதழ் யார் தருவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2013-14இல் கொண்டுவந்த திட்டம் ஏற்கெனவே நடக்கும் கல்லூரிகளுக்கானது. அறக்கட்டளை நேராக அதில் நுழைய முடியாது. பக்கத்துக் கல்லூரி ஒன்றோடு கைகோத்துக்கொள்ளுங்கள். ஓராண்டு டிப்ளமோ முடித்தவர் அடுத்த ஆண்டு உயர் டிப்ளமோவுக்கும், அதன்பின் பி.வோக். என்னும் தொழிற்கல்விப் பட்டத்துக்கும் போக வழி இருக்க வேண்டும். அந்த ஏணி இல்லையென்றால் நீங்கள் நடத்துவது வெறும் பயிற்சி மையம்தான்.

அடுத்தது தொழில். கணினியையும் தையலையும் பலர் எடுப்பதற்குக் காரணம், கருவிகள் எளிதில் கிடைக்கும் என்பதே. உங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்துக்குள் இருக்கும் பட்டறை, பால் குளிரூட்டும் நிலையம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் நேரில் போங்கள். "ஆள் தேவையா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன வருடம் எத்தனை பேரைப் புதிதாகச் சேர்த்தீர்கள், என்ன சம்பளம், அவர்களுக்கு யார் தொழில் கற்றுக்கொடுத்தது?" என்று கேளுங்கள்.

போர்வெல்லை நம்பி விவசாயம் நடக்கும் வட்டாரம் உங்களுடையது. போர்வெல்லுக்குள் மூழ்கியே ஓடும் சப்மெர்சிபிள் மோட்டாரைப் பழுதுபார்ப்பது, அதிலும் கருகிய கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதிதாகச் சுற்றும் காயில் கட்டும் வேலை, இங்கே நிலைக்கும் என்பது என் கணிப்பு. மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் இருக்கும் பையன் கண்ணால் பார்த்தே இந்த வேலையைப் பிடித்துக்கொள்வான், ஆனால் மோட்டார் ஏன் எரிந்தது என்று அவனுக்குத் தெரியாது. மும்முனை மோட்டாருக்குள் மூன்று தொகுதிக் காயில்கள், அதாவது ஃபேஸ்கள், இருக்கும்; அவற்றை இணைக்கும் இரண்டு முறைகள்தான் ஸ்டாரும் டெல்டாவும். ஸ்டார் இணைப்புள்ள மோட்டாரில் இரண்டு ஃபேஸ் காயில் கருகி மூன்றாவது நன்றாக இருந்தால், மின்சாரம் வரும் மூன்று லைனில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். டெல்டாவில் அதே பழுதுக்கு ஒரு ஃபேஸ் மட்டும் கருகும். மூன்றும் சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, குறைந்த வோல்டேஜ், அல்லது போர்வெல்லில் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகும் ஓடவிட்டது. காரணத்தைச் சரிசெய்யாமல், ஸ்டார்ட்டரில், மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியருக்கு வைக்காமல், காயிலை மட்டும் கட்டிக் கொடுத்தால் அதே மோட்டார் திரும்பி வரும். விவசாயிக்கு இரட்டைச் செலவு. இந்தக் காரண அறிவைத்தான் கல்லூரி தர வேண்டும்.

உள்ளே தண்ணீர் நிரப்பும் வகை மோட்டாருக்கு பாலி (பிளாஸ்டிக்) உறையிட்ட கம்பிதான் போட வேண்டும். எனாமல் கம்பி தாங்காது. கட்டி முடித்த ஸ்டேட்டரை, அதாவது காயில் இருக்கும் சுழலாத பகுதியை, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மின்கசிவு இருக்கிறதா என்று 500 வோல்ட் மெக்கர் கருவியில் பார்த்த பிறகே பூட்டச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளையும் இதில் சேருங்கள். கோவை பம்பு ஆலைகளில் காயில் கட்டும் வைண்டிங் பிரிவில் பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

முதலில் சொன்ன மானியக் குழுத் திட்டத்தின் கணக்கில் ஓராண்டு 60 கிரெடிட்: தொழில்திறனுக்கு 36, பொதுக்கல்விக்கு 24. ஒரு கிரெடிட் என்றால் 15 மணி நேரம். கடையில் நேரடிப் பயிற்சி என்றால் 30 மணி நேரம். தொழில்திறனில் 12 கிரெடிட்டைக் கடைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் 360 மணி நேரம், நாளைக்கு எட்டு மணி நேரம் வீதம் 45 நாள். அதைக் கோடையில் வையுங்கள். நிலத்தடி நீர் இறங்கி மோட்டார்கள் அதிகம் எரியும் காலம் அது, கடைக்காரருக்கும் ஆள் வேண்டியிருக்கும். எந்த வேலையை எத்தனை முறை பையன் தன் கையால் செய்ய வேண்டும் என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். இல்லையென்றால் 45 நாளும் டீ வாங்கத்தான் ஓடுவான்.

பொதுக்கல்வி மணிகள்தான் பெரும்பாலும் வீணாகின்றன. பிளஸ் டூ ஆங்கிலப் பாடத்தை அங்கே திரும்ப நடத்தாதீர்கள். பெயர்ப்பலகை வாசிப்பது, பில் போடுவது, செம்புக் கம்பி எடைக்கணக்கு, வாடிக்கையாளரிடம் பேசுவது என்று தொழிலை ஒட்டியே வையுங்கள்.

கற்றுக்கொடுக்க வட்டாரத்தின் நல்ல மெக்கானிக்கை மணிக்கூலிக்கு அழையுங்கள். பதிவேடும் மதிப்பெண்ணும் பார்க்க ஐ.டி.ஐ. படித்த ஒருவர் கூட இருக்கட்டும். வகுப்பு நேரத்தைக் கடைசிப் பேருந்தைப் பார்த்து வையுங்கள்.

கட்டடத்துக்கு வெள்ளையடிக்கும் முன் மின் இணைப்பைப் பாருங்கள். மோட்டாரை ஓட்டிச் சோதிக்க மும்முனை இணைப்பு வேண்டும். ஒருமுனைதான் இருக்கிறது என்றால் அதற்கான விண்ணப்பமே உங்கள் முதல் வேலை.